மீன் உருளும் தேதி

செயின்ட் ஜான்ஸ்,
மே 15, வியாழன்

அன்புள்ள டெக்லனுக்கு,

உறையைப் பார்த்துப் பதறாதே. போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். அப்பாவால் போனைக் கையில் பிடிக்க முடியாமல் போனதிலிருந்து நம் வீட்டில் எல்லா அழைப்பும் ஸ்பீக்கரில்தான். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் என்ன பேசினாய் என்று கேட்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அது இன்னும் மோசம். பள்ளியிலிருந்து கூப்பிட்டால் நீ கேம்ப்பில் வேலையில் இருப்பாய், எடுக்க முடியாது. மின்னஞ்சலை நீ வாரக்கணக்கில் திறப்பதில்லை. பள்ளியில் எனக்கு வகுப்பில்லாத நேரம் இது. ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

இங்கே மூன்று வாரமாக மூட்டம். துறைமுக வாய்க்கு வெளியே பெரிய பனிப்பாறை ஒன்று நிற்பதாக ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நானும் போனேன். எனக்கு மூட்டம்தான் தெரிந்தது. பின்கதவுப் படியில் ஒரு பலகை உடைந்திருந்தது. அதை எடுத்துவிட்டுச் சரிவுப்பாதை போட்டாகிவிட்டது. சக்கர நாற்காலி இப்போது தடையில்லாமல் போகிறது.

நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாய். அப்படியேதான் இருக்கிறார் என்று சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. கையில் தொடங்கியது காலுக்கு வந்தது, அது உனக்குத் தெரியும். இப்போது மூச்சுக்கு வந்திருக்கிறது. அவர் பேசும் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவதை மறைக்க, ஏதோ யோசிப்பவர்போல் ஜன்னலைப் பார்க்கிறார். ஏப்ரலில் டாக்டர் என்னைத் தனியாக நடைவழியில் நிறுத்தினார். எனக்கு ஒரு எண் வேண்டும் என்று கேட்டேன், எத்தனை மாதம் என்று. அவர் எண் தரவில்லை. "ஜூலைக்குன்னு எதையும் தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரிடம் தனியாக ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு இருந்த தைரியம்.

இப்போது நீ கிறிஸ்துமஸுக்குக் கொடுத்துவிட்டுப் போன திமிங்கிலப் படகுச் சீட்டுகளுக்கு வருகிறேன்.

அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்பது உனக்கு நினைவிருக்கும். இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது டிக்கெட் வாங்கித் திமிங்கிலம் பார்ப்பானா, எங்கப்பாவோட வலையை ரெண்டு தடவை கிழிச்ச கழுதைக்கு நான் போய் வணக்கம் சொல்லணுமா என்றார். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஜனவரியிலிருந்து தினமும் காலையில் அந்தப் படகுக்காரர்களின் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்கிறார். போன வருடம் எந்த நாளில் எத்தனை வந்தது, எந்த முனையருகே வந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். முப்பது வருடம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியில் உட்கார்ந்து பத்தடிக்கு முன்னால் மட்டுமே பார்த்தவன் நான், ஒரு தடவை பெரிசா ஏதாவது பார்க்கிறேனே என்று உதவிக்கு வரும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

எப்போது போவது என்று நீ கேட்டபோது அவர் சொன்ன பதில், இங்கே எல்லாரும் சொல்வதுதான்: "மீன் உருளும்போது போலாம்." கேப்ளின் மீன் கூட்டம் எப்போது முட்டையிடக் கரைக்கு வந்து அலையில் உருளுமோ அப்போது திமிங்கிலமும் பின்னாலேயே வரும். நம் வீட்டில் அதற்கு மாதத்தின் பெயரை யாரும் சொன்னதில்லை. கடந்த சில வருடங்களின் தேதிகளைப் பார்த்து நீ ஜூலை பத்தொன்பது என்று பதிவு செய்தாய். சரியாகத்தான் செய்தாய்.

போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது அப்பா திடீரென்று பையன் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்று ஆரம்பித்தார். மீன் ஜூன் நடுவில் உருளும், எங்கள் காலத்தில் எப்போதும் அப்படித்தான், அவன் வெளியூருக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்றார். அதெல்லாம் நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது, இப்போது ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது என்றேன். கேட்கவில்லை. இரண்டு நாள் வாக்குவாதம் செய்தேன். கடைசி பத்து வருடத் தேதிகளைப் பட்டியலாக எழுதி, சராசரி போட்டு, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் சொன்னதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. "கடல் உன் பட்டியலைப் படிச்சிட்டா வருது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நோய் மூளைக்கும் போய்விட்டதோ என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் படகு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தேதி ஜூலையிலேயே இருக்கட்டும் என்று உறுதி செய்யவும், சக்கர நாற்காலியைப் பற்றிக் கேட்கவும். எடுத்தவள் பெயர் ட்ரூடி. நம் ஊர்க் கடைக்காரப் பெண்கள் எல்லாரும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. நம் குடும்பப் பெயரைச் சொன்னதும் இவளும் கூப்பிட்டாள்.

"ஹென்னபரியா? அந்தப் பேர்ல திங்கக்கிழமையே ஒருத்தர் பேசிட்டாரே கண்ணு. ஜூன் பதினாலுக்கு மாத்தியாச்சு."

நான் பள்ளியில் இருந்தபோது உதவிக்கு வரும் பெண்தான் அவருக்குப் போனைப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு மாதம் குழம்பிவிட்டது, திருப்பி ஜூலைக்கே மாற்றுங்கள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா நீங்க ஜூலைன்னு சொல்லும்போது நான் எப்படிக் கண்ணு வாயை மூடிக்கிட்டு மாத்தறது?" என்றாள்.

ஜூனில் பறவைகள் நிறைய இருக்கும், திமிங்கிலம் ஒன்றிரண்டு தெரிந்தாலே அதிர்ஷ்டம் என்று அவள் அவரிடம் எச்சரித்திருக்கிறாள். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "தெரியும்மா. மீன் இப்பல்லாம் ஜூலைலதான் உருளுது. அதுவரைக்கும் நான் தாங்குவேன்னு தோணல. பையனோட ஒரு தடவை கடல்ல போயிட்டு வந்தாப் போதும். என் வீட்டுக்காரி போன் பண்ணுவா. டீச்சர். புள்ளிவிவரத்தோட வருவா. கிழவனுக்கு மாசம் குழம்பிப் போச்சுன்னே சொல்லிடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

நான் நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். ஏற்றி இறக்க இரண்டு பேர் இருப்பார்களாம். மூச்சுக் கருவிக்குப் படகில் மின்சாரம் உண்டாம். பின்பக்கத்தில் காற்று குறைவான இடத்தை ஒதுக்கி வைப்பதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் அவருக்கு சூப் ஊட்டும்போது, நீங்கள் சொன்னதுதான் சரி, ஜூன்தான் என்றேன்.

"பட்டியல் என்ன ஆச்சு?" என்றார்.

"தப்பாக் கூட்டிட்டேன்."

இருபத்து நான்கு வருட வேலையில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவருக்குத் தெரியும். என்னையே பார்த்தார். "பரவால்ல. டீச்சருக்கும் வரும்" என்றார். நான் தப்பாகக் கூட்டினேன் என்று அவர் நம்பினாரா, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கப் போவதில்லை. அவருக்கு ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஆகும் மூச்சை இதற்குச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆக, டெக்லன், உன் லீவு ஜூலையில் இருக்கிறது. உன் வேலை முறையை யாருடனாவது மாற்றிக்கொள். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல், மறைக்காதே. டாக்டரிடமிருந்து கடிதம் தேவையென்றால் நான் வாங்கி அனுப்புகிறேன். ஆனால் அப்பாவிடம் கேம்ப்பில் முறையை மாற்றிவிட்டார்கள், ஜூனில்தான் வர முடிகிறது என்று சொல். தேதி தானாகப் பொருந்திவிட்டது என்று அவர் சந்தோஷப்படட்டும். பொய் சொல்லச் சொல்லி உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கே கை கூசுகிறது.

வந்ததும் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிடாதே. மெலிந்திருக்கிறார். கதவருகே நிற்காமல் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார், அங்கே நீ ஓட்டும் வண்டியைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசு. நீ பேச அவர் கேட்டால் போதும். படகில் திமிங்கிலம் தெரியாவிட்டால் வருத்தப்படுகிற மாதிரி காட்டாதே.

நீ அங்கே நன்றாகச் சாப்பிடு, வேலையில் கவனமாக இரு. உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர, இப்போதெல்லாம் நான் வேறு எதையும் யாரிடமும் கேட்பதில்லை.

மேலே ஜூன் பதினான்கு என்று எழுதியிருக்கிறேன். அது படகின் தேதி. அதற்கு முன்னால் உனக்கு எந்த விமானத்தில் இடம் கிடைத்தாலும், என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் ஏறிவிடு.

உன் அம்மா,
லொரெட்டா