அண்ணன் தலைமையில் நடக்கும் கூட்டம்

ஜூன் 3, திங்கள்

இன்றைய போர்டு மீட்டிங்கும் வீண். எங்கள் கம்பெனியின் புது மாடல் சக்கர நாற்காலியில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் விரிசல் விடுகிறது என்று சொல்லத்தான் போனேன். படம், அட்டவணை, விளக்கம் என்று இழுத்துக்கொண்டே போய், விஷயத்துக்கு வருவதற்குள் தலைவர், "நேரமாச்சு, அடுத்த தடவை பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

தலைவர் என்றால் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன். நிர்வாக இயக்குநரான நான் அங்கே அவனை "சார்" என்கிறேன்.

வெளியே வரும்போது, இயக்குநர்களில் ஒருவரான டாக்டரம்மா கேட்டார்: "இவ்வளவு நேரம் பேசினீங்க. எங்ககிட்ட என்ன வேணும்னு மட்டும் சொல்லவே இல்லையே?"

சுருக்கென்றது.

ஜூன் 5, புதன்

சாய்தளத்தில் இறங்கும்போது ஃபோர்க் உடைந்து விழுந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். மணிக்கட்டில் கட்டு. "நல்லவேளை, அன்னிக்கு மடியில குழந்தை இல்ல" என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 8, சனி

எங்கள் பழைய ஷெட் வழியாக வந்தேன். இப்போது அது சலூன். அங்கேதான் அண்ணன் இரண்டு ஓட்டை சைக்கிள்களைப் பிரித்து நடக்க முடியாத அம்மாவுக்கு முதல் சக்கர நாற்காலி செய்தான். நான் டார்ச் பிடித்தேன். அம்மா ஏறி ஒரு சுற்று வந்துவிட்டு, "டேய், இடது பக்கமா இழுக்குதுடா! என்னைச் சுவத்துல மோத விடப் பாக்குறியா?" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினான். ஒரு குறையைச் சொல்வது அவ்வளவு லேசாக இருந்தது அப்போது. எங்கே போனது அதெல்லாம்?

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணா, புது மாடலை நிறுத்தணும். வித்ததையெல்லாம் திருப்பி வாங்கணும். வியாழக்கிழமை போர்டுல இதைத்தான் கேக்கப்போறேன். அங்க வச்சு நீ இதைத் திடீர்னு கேள்விப்பட வேண்டாம்னு வந்தேன்."

"நான் வரைஞ்ச டிசைன் அது."

"தெரியும்ண்ணா."

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கப்போறியா?"

கிளம்பும்போது வாசல் வரைகூட வரவில்லை.

நான் என்ன உனக்கு எதிரியா? உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட போய்ச் சொல்லுவேன் — சொல்லேன்!

ஜூன் 12, புதன்

மற்ற இயக்குநர்களிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஒரே பயம்: கம்பெனி தாங்குமா? இந்த வருடம் நஷ்டம் நிச்சயம், மூழ்கிவிட மாட்டோம் என்றேன். வழக்கு வருமா என்றார். தெரியாது என்றேன். ஏனோ அதற்குப் பிறகுதான் அவர் குரல் இளகியது.

ஜூன் 13, வியாழன்

இந்தத் தடவை திரையே போடவில்லை. எழுந்து நின்று, "விற்பனையை இன்னிக்கே நிறுத்தணும், வித்த வண்டிகளைத் திருப்பி எடுக்கணும். இதுக்கு உங்க சம்மதம் வேணும்" என்றேன். பிறகுதான் காரணம். டீச்சரைப் பற்றியும் சொன்னேன்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் பேனாவை மூடி வைத்தான்.

"டிசைன் என்னோடது. நான் இதுல ஓட்டுப் போடறது முறையில்ல. நீங்க முடிவு பண்ணுங்க."

எழுந்து போய்விட்டான். மீதி எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெயித்த மாதிரியே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தலைவர் பொறுப்பை டாக்டரம்மாவிடம் விட்டதிலிருந்து அண்ணன் பொழுதெல்லாம் கம்பெனிப் பட்டறையில்தான் என்று அண்ணி சொல்லியிருந்தார். இன்று மத்தியானம் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து நின்றான். நகமெல்லாம் கிரீஸ்.

"சாப்பிட என்ன இருக்கு?"

தட்டு வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் சோபாவிலேயே தூங்கிப்போனான். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.