நோட்டன் என்ற உங்கள் பேர்

இஞ்சாருங்கோ,

இன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஸ்காபரோவில் புதிதாகக் கட்டிய ஒரு கடைத்தொகுதிக்குப் பேர்ப்பலகை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நோட்டன் பிளாசா. ஆளுயர எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீமெந்துச் சுவருக்கு அந்தப் பேர் எவ்வளவு லேசாகக் கிடைக்கிறது. உண்மையாகவே இது உன்னுடைய பேர்தானா என்று சுவரிடம் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

நீங்கள் இருந்திருந்தால் மணியடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கி, அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் பேரின் கதையைக் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லுவீர்கள். முதலில் அது இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரின் பேராம். ஊரை விட்டுப் போனவர்களை ஊர்ப்பேரால் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஒரு குடும்பத்தின் பேராயிற்றாம். அந்தக் குடும்பம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனதாம். அதில் வந்த ஒரு புண்ணியவான் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு உதவி அனுப்ப, அதில் படித்த உங்கள் பூட்டனுக்கு அவருடைய பேரையே சூட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கம், அதுவே குடும்பப் பேராகி உங்கள் வரைக்கும் வந்துவிட்டது. மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் என்று ஊர் இருப்பதையும் சொல்லாமல் விடமாட்டீர்கள். "பாரும், நாங்கள் போக முந்தியே எங்கட பேர் எல்லா இடமும் போயிட்டுது," என்பீர்கள். பேர் போன இடத்துக்கெல்லாம் உங்களையும் உள்ளே விடுவார்களா என்று நான் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

நீங்கள் அதை அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் தமிழரைத் தேடித் தடிகளோடு வெள்ளவத்தை வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் உங்கள் பேரைக் கேட்டார்கள். நான் பொட்டை அழித்துவிட்டு, மகளின் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் நின்றேன். நீங்கள் பதறாமல் சிங்களத்தில் நோட்டன் என்றீர்கள். தமிழ் வீடல்ல, பறங்கி வீடென்று நினைத்துப் போய்விட்டார்கள். போய்ப் பக்கத்து வீட்டைக் கொளுத்தினார்கள். அன்றோடு அந்தப் பேர் உலகத்தில் எங்கே போனாலும் எங்களைக் காப்பாற்றும் என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறைக்குள் மூன்று பேரும் கிடந்தபோது, நீங்கள் வீடு தேடி ரெலிபோன் எடுப்பீர்கள். உங்கள் இங்கிலீசுக்கும் பேருக்கும் அந்தப் பக்கத்தில் மரியாதை வழியும். உடனே வந்து பாருங்கள் மிஸ்டர் நோட்டன் என்பார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு போவோம். கதவைத் திறந்த மனிசன் எங்களைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். பிறகு, வீடு கொஞ்சம் முந்தித்தான் போய்விட்டது என்பான். நீங்கள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள். நன்றி. ஒருமுறை ஸ்ட்ரீற்காரில் நான் அழுதுகொண்டு வர, "பேரில ஒரு குறையும் இல்லையப்பா, ஆளைத்தான் அவங்களுக்குப் பிடிக்கேல்லை," என்று பகிடி விட்டீர்கள். நான் எழும்பிப் போய் முன் சீட்டில் இருந்தேன். கடைசியில் சென் ஜேம்ஸ் ரவுணில் வீடு எடுத்துத் தந்தது பேர் அல்ல, உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்த மட்டக்களப்புப் பெடியன்.

அந்த நாட்களில் உங்கள் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. ஊர் முழுக்க உங்களை நோட்டன் என்றுதான் கூப்பிட்டது. எனக்கு நீங்கள் இஞ்சாருங்கோ, மற்றவர்களோடு கதைக்கும்போது இவர். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. இங்கே வந்ததும் அதையே என் பேராகவும் எழுதிவிட்டார்கள். பேர் கேட்கிற இடத்தில் நான் அடையாளக் கார்டை நீட்டுவேன், இல்லாவிட்டால் மகள் சொல்லுவாள்.

நீங்கள் வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று என்னிடம் கார்டும் இல்லை, மகளும் பள்ளிக்கூடத்தில். போட்ட உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மேசையில் இருந்தவள் யாரைப் பார்க்க வேண்டும் என்றாள். கலியாணம் கட்டி அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பேரைச் சொன்னேன். நான் மிஸிஸ் நோட்டன் என்றும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மிஸ்டர் நோட்டனின் வீட்டில் வேலை செய்கிறாயா என்று கேட்டாள். மனைவி என்றேன். குடும்பத்தார் வரும்வரை அங்கே இரு என்று கதிரையைக் காட்டினாள். திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னேன். சத்தம் போடாதே என்றாள்.

பிறகு ஒரு டொக்டர் வெளியே வந்து மிஸிஸ் நோட்டன் என்று கூப்பிட்டார். என்னைத் தாண்டிப் போய், மூலையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மனிசியிடம் குனிந்து, ஐ ஆம் வெரி சொறி என்று தொடங்கினார். உங்கள் சாவை நான் அப்படித்தான் அறிந்தேன், இன்னொருத்திக்குச் சொன்ன ஆறுதலில் இருந்து.

இதை நான் மன்னிக்கவில்லை. மேசையில் இருந்தவளையும் இல்லை, அந்தப் பேரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய உங்களையும் இல்லை.

அதைத் தூக்கியெறிந்துவிட்டு அப்பாவின் பேரைப் போடச் சொல்லித் தங்கச்சி வற்புறுத்துகிறாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வெள்ளைக்காரர் தந்த பேர்தானே, அவர்களே கேட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது போகிற இடமெல்லாம் உரத்துச் சொல்லுகிறேன். போன கிழமை பாங்கில் ஒருத்தி, இங்கிலீஷ்காரனையா கட்டினாய் என்று கேட்டாள். இல்லை, மானிப்பாய்காரனை என்றேன். விளங்கவில்லை என்று முழித்தாள். நான் விளங்கப்படுத்தவில்லை.

ஆனால் உங்கள் அம்மா வைத்த தமிழ்ப் பேரை இந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் என்னை உள்ளே விட்டிருந்தால், நோட்டன் என்று கூப்பிட்டிருக்கமாட்டேன். உங்கள் காதுக்குள் ஒருமுறை அந்தத் தமிழ்ப் பேரைச் சொல்லியிருப்பேன். அது இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.