லண்டன் வரை ஒரு நோன்பு

மார்ச் 3, செவ்வாய். நோன்பு 13.

காலையிலேயே வெயில். டிக்கெட்டை அச்செடுத்து வந்தேன். சென்னையில் சனிக்கிழமை காலை 5.30. லண்டனில் அன்றே 11.00. கழித்தால் ஐந்தரை மணி நேரம். பரவாயில்லை, என் மனைவி ஜைத்தூன் தாங்குவாள். அங்கே மகள் நசீமாவுக்கு முதல் பிரசவம். போகாமல் இருக்க முடியாது.

வாங்க: சீரகச் சம்பா, ஓமம், குழந்தைக்குப் பருத்தித் துணி, ஜை.க்குக் காலுறை, சுகர் மாத்திரை.

மாலை பக்கத்து வீட்டு ரஃபீக்கிடம் சொன்னேன். ஷூ கம்பெனி வேலையாக லண்டன் போய்வந்தவன்.

“இன்னா சாச்சா, அஞ்சரை மணி நேரத்துல லண்டனா? இங்கருந்து மெட்ராஸ் ஏர்போர்ட் போகவே நாலு மணி நேரம் ஆவும். அங்க கடியாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அதையும் சேருங்க.”

பதினோரு மணி நேரம். எட்டாயிரம் கி.மீ.க்கு மேல். தோல் பதனிடும் டேனரியின் லேபில் எதையும் மூன்று முறை சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டவன் நான். இதை ஒரு முறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. வெட்கம்.

மார்ச் 4, புதன்.

தூக்கம் சரியில்லை. இன்னொன்று தோன்றிவிட்டது. விமானம் மேற்கே போகும். சூரியனும் கூடவே வரும். விடியுமுன் சாப்பிடும் சஹர் சென்னையில், நோன்பு திறப்பது லண்டனில். பதினெட்டு மணி நேரம். மூன்று முறையும் அதே விடை.

வேலூர் டாக்டரம்மா ஜை.யிடம் சொன்னது: பதினாலு மணி நேரத்துக்கு மேல் பட்டினி கூடாது. போன வருஷம் நோன்பு திறக்கும் நேரத்தில் சுகர் இறங்கிச் சமையலறையில் விழுந்தாள். ஆகாயத்தில் விழுந்தால்?

பயணத்தில் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம். மார்க்கம் தந்த சலுகை. ஆனால் அவள் காய்ச்சலிலும் விட்டவள் இல்லை. நான் சொல்லிக் கேட்பாளா?

மார்ச் 5, வியாழன்.

சொல்லப் போனேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னா முழிக்கிறீங்க, பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப நவுருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

நகர்ந்தேன்.

விஷயத்தைக் கேட்ட ரஃபீக்: “இதுக்குப் போயி பயமா சாச்சா? நானா இருந்தா நேரா சொல்லிடுவேன்.” உள்ளே அவன் மனைவி இருமினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

முடிவு: அவள் பிடித்தால் நானும் பிடிப்பது. பக்கத்தில் உட்கார்ந்து நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது?

மார்ச் 7, சனி. விமானத்தில்.

விமான நிலையத்தில் சஹருக்கு ஜை. டீ மட்டும் குடித்தாள். அதை வைத்துப் பதினெட்டு மணி நேரமா என்று மறுபடி கணக்குப் போட்டேன்.

மேலே ஏறியதும் சாப்பாட்டுத் தட்டு வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஜை. வாங்கிக்கொண்டாள். மூடியைப் பிரித்தாள். உப்புமா. சாப்பிடவும் தொடங்கிவிட்டாள்.

“இன்னாங்க அப்படி பாக்குறீங்க? பயணத்துல வுட்டுட்டு அப்புறம் புடிச்சிக்கலாம்ல. டாக்டரம்மா கிட்ட போன வாரமே கேட்டுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீங்க இன்னா சொல்வீங்களோன்னு பயந்துட்டுதான். எல்லாத்தையும் மூணு வாட்டி சரி பாக்குற ஆளாச்சே. ஒரு நோன்பு கம்மியானா ஒத்துப்பீங்களா?”

என்னைப் பார்த்தும் ஒருவர் பயப்பட முடியும் என்பது இன்றுதான் தெரிந்தது.

“நீங்க ஏன் பட்டினி? இன்னொரு தட்டு கேளுங்க.”

கேட்கக் கூச்சம். அவளே கேட்டாள். நானும் சாப்பிட்டேன். உப்பு கம்மி. அவளிடம் சொல்லவில்லை.

திரையில் இன்னும் ஆறாயிரம் கி.மீ. ஜை. தூங்குகிறாள். தட்டுகளை எடுத்துப் போகுமுன் அவளுடையதைப் பார்த்தேன். காலி. மூன்று முறை பார்த்தேன்.