செரீனாவுக்கு அனுப்பிய துடிப்பு

நிலவின் தென்முனை, பனி துளையிடும் குடில் 2
பதிவு: ஜெசிந்தா, நிலவியல் ஆய்வாளர். கடிகாரம் இந்திய நேரம்.

நாள் 31. காலை 06:10
துளை ஆழம் 14.2 மீட்டர். ஆக்சிஜன் சீர். உடனிருந்த சகா கால் முறிந்து தலைமை நிலையத்துக்குப் போய் ஒன்பது நாளாகிறது. அங்கிருந்து இங்கே வர வண்டியில் நான்கு மணி நேரம். மாற்றாள் நாள் 40-ல் வருவார்.

நாள் 31. மதியம் 14:30
என் நெஞ்சில் ஒட்டியிருக்கும் உணர்பட்டையின் துடிப்பு, தலைமை நிலையத்தில் டாக்டர் வாஹிதாவின் திரைக்குப் போகிறது. அதே தடத்தில் தூத்துக்குடி வீட்டுக்கும் போகிறது. தொட்டிலருகே ஒலிபெருக்கி. என் மகள் செரீனாவுக்குப் பதினோரு மாதம். இந்தச் சத்தம் கேட்டால்தான் மதியம் தூங்குவாள். நான் துளைக்குழியில் இறங்கினால் சிக்னல் அறுந்துவிடுகிறது. நேற்று என் கணவர் லியோன் பேசினார்: "ஏளா ஜெசி, ஒன் சத்தம் பத்து நிமிசம் நின்னுது. பிள்ள ஊரக் கூட்டிட்டா. வெளிய என்ஜின் ரிப்பேர்ல நிக்கேன், எனக்கு எங்க கேக்குது? பக்கத்து வீட்டுக்காரி வந்து ஏசிட்டுப் போறா."

அதனால் என் நிம்மதியான உறக்கத்தின் துடிப்பைப் பதிவு செய்து, தினமும் 13:00 முதல் 16:00 வரை அதுவே போகும்படி வைத்துவிட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

நாள் 33. காலை 07:00
துளை 15.0 மீட்டர். கீழ்த்தாடையில் வலி. கடைவாய்ப் பல்லாக இருக்கலாம். எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி. குழாயைத் தூக்க இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்.

நாள் 34. காலை 11:20
தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகில், யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது. குடிலில் 19 டிகிரி, எனக்கு வியர்க்கிறது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வாயுவாகத்தான் இருக்கும். அம்மா கொடுத்துவிட்ட ஓமத்தண்ணீரில் இரண்டு மூடி குடித்தேன். ஏப்பம் வந்தது. நிம்மதி.

நாள் 34. மதியம் 13:15
வலி திரும்பிவிட்டது. டாக்டரை அழைத்தேன். அவர் சொன்னது அப்படியே: "அட, பயப்படாதே ஜெசி. உன் துடிப்பு என் கண்ணு முன்னாடி ஓடுது. எழுபத்திரண்டு. ஒரு பிசகு இல்ல. பொறந்த பிள்ள மாதிரி தூங்குது உன் இதயம். கேஸ்தான். இதயம்னா உனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்ல?"
13:20-க்குத் தொடர்புக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கியது. இனி 17:00 வரை பேச்சு இணைப்பு இல்லை. துடிப்பு போகும் தடம் மட்டும் வேறொரு சிறு கோள் வழியாக, ஒருவழியாகத் திறந்திருக்கும்.
எழுபத்திரண்டு. படுத்துக்கொள்கிறேன்.

நாள் 34. மதியம் 14:05
தூங்குது என்றார். நான் தூங்கவில்லையே. உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.
அவர் பார்த்தது என்னை அல்ல. செரீனாவின் தாலாட்டை.

நாள் 34. மதியம் 14:09
முதலுதவி வகுப்பில் படித்ததுதான். மாரடைப்பென்றால் பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலி வந்தே ஆக வேண்டும் என்றில்லை. தாடை, முதுகு, குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதி. எல்லாவற்றையும் என் கையாலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சேர்த்துப் படிக்கவில்லை. இப்போது இடது கையும் கனக்கிறது.
ஆஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கினேன். வெளிக்கதவின் உள்பூட்டை எடுத்துவிட்டேன். வருபவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம்.
பதிவுத் துடிப்பை நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பலகை துளையறையில். பதினெட்டு அடி தூரம். நடக்கக்கூடாது. நடக்காமலும் முடியாது.

நாள் 34. மதியம் 14:31
தவழ்ந்து வந்தேன். செரீனாவும் இப்போது தவழ்கிறாளாம். லியோன் சொன்னார்.
நிறுத்திவிட்டேன். இப்போது போவது என் நிஜத் துடிப்பு. பலகையில் தெரிகிறது: 96. ஒன்று விட்டு ஒன்று தடுமாறுகிறது. டாக்டரின் எச்சரிக்கை மணி 130-க்கு மேல்தான் அடிக்கும். அவர் இந்நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எல்லாம் சரி என்று அவரை நம்பவைத்தது நான்தானே.

இந்தத் தடுமாற்றம் தெரியக்கூடிய ஒரே ஆள் செரீனா. சத்தம் மாறினால் விழித்துவிடுவாள். அவள் அழுதால் லியோன் ஒலிபெருக்கியைக் கேட்பார். என்ஜின் ஒரு தடுக்குத் தடுக்கினாலே காதில் வாங்கிவிடுகிற மனிதர். நிலையத்துக்கு உடனே போன் போடுவார்.
அவர் என்ஜின் ஓடாமலிருந்தால்.

14:40
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மெல்ல மூச்சு விடுகிறேன். துளை இயந்திரத்தை அணைத்தாயிற்று. நிலவில் இவ்வளவு நிசப்தம் என்று இத்தனை நாள் தெரியாது.
அவள் அழக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன்.

14:52
கை எழுத வரவில்லை. பதில் வர வழியும் இல்லை. வண்டி புறப்பட்டதா என்றே தெரியாது. வந்தால் கதவு திறக்கும். அவ்வளவுதான்.

14:58
அழு மக்களே, அழு செரீனா. அப்பா என்ஜினை நிறுத்துகிற வரைக்கும் அழு. பக்கத்து வீட்டு அக்கா வந்து ஏசுகிற வரைக்கும். தொண்டை கட்டினாலும் பரவாயில்லை, ஊரையே கூ