ஆறு மணி விதியில் ஒரு திருத்தம்

அன்பு நண்பா,

நீ 'கடிகாரம்' என்று பட்டம் சூட்டிய நான், நம் நடைக்குழுவின் விதியொன்றைத் திருத்தியிருப்பதை அறிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை சரியாக ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும், எவருக்காகவும் காத்திருக்கலாகாது என்பது நான் வகுத்த விதி. தாமதமானாலும் நீ வயல்வரப்பில் ஓடிவந்து சேர்ந்துகொள்வாய். ஓடைப் பாலத்தில் அமர்ந்து ஆரஞ்சு உரித்தபடி என்னைக் கேலி செய்வாய்.

கடைசியாக வந்த அன்று, "டேய் கடிகாரம், ரெண்டு நிமிஷம் நின்னா முள்ளு உடைஞ்சிடுமாடா?" என்று பின்னாலிருந்து கத்தினாய். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தேன். உன் கையிலிருந்த ஊன்றுகோலைக் கவனிக்கவில்லை என்று எழுதவே எண்ணியிருந்தேன்.

கவனித்தேன்.

ஓராண்டாக நாங்கள் மூவரும் நேரம் தவறாமல் நடக்கிறோம்; சிரிக்க வைக்கத்தான் ஆளில்லை.

திருத்தம் இதுதான்: நீ புறப்படும் நேரமே இனி ஆறு மணி. வரும் ஞாயிறு, கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, உன் வாசலில் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும் உன் நடைத்தோழன்