ஒன்பதாவதுக்குத் துணை

என் ஸ்டெல்லாவுக்கு,

நேற்று அடிபம்பில் நூர்ஜகான் தண்ணீர் பிடிக்கும் முன் குடத்துக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். மார்க் ஷீட். யாரும் கேட்பதற்கு முன்பே காட்டிவிட வேண்டும் என்று சுருட்டிப் போட்டு எடுத்து வந்திருக்கிறாள்.

"எட்டாவது பாஸ், வசந்திக்கா! கணக்குல எழுவது!"

எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வருஷம் இதே நாட்களில் நமக்குத்தான் எவ்வளவு திட்டம்! நம் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்தது, ஒன்பதாவதுக்கு ஏரிக்கரை வழியாக அம்பத்தூருக்கு நடக்க வேண்டும். பச்சைத் தாவணி. அது நழுவாமல் குத்திக்கொள்ள எட்டு ஊக்கு சேர்த்து வைத்திருந்தாய். எனக்குக் கணக்கு சொல்லித்தருவது உன் வேலை, உனக்கு இங்கிலீஷ் கட்டுரை எழுதித்தருவது என் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது என்பதற்கும் வழி வைத்திருந்தாய்.

"ஊமக்கோட்டான், நீ வாயே தொறக்காத. உனுக்கும் சேத்து நானே கை தூக்கறேன்டி."

பிறகு மே மாதம். மஞ்சள் காமாலை. பத்தே நாள்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது நானும் அழுதேன். உனக்காக என்று நினைத்து உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? இனி ஏரிக்கரையில் யார்கூட நடப்பேன் என்றுதான் முதலில் அழுதேன். நம் தெருவில் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்களே. இரண்டு பேர் என்றால் பள்ளிக்கூடம், ஒருத்தி என்றால் வீடு.

பள்ளி திறந்த அன்று அம்மா சொன்னாள்: "அவளே பூட்டா. நீ யார் கூட போவ? ஏரி மீனு துணைக்கு வருமா? ஊட்லயே கெட."

ஒரு மாதம் கிடந்தேன். பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அதற்கு மட்டும் யாருக்கும் பயமில்லை. வேன் தெருமுனைக்கே வருகிறது. பத்து மாதமாகச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறேன். செத்தது நீ, படிப்பு நின்றது இரண்டு பேருக்கும்.

வேன் அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகிறது. தாவணிப் பெண்கள் ஜோடி ஜோடியாக உள்ளே போவார்கள். அப்போதெல்லாம் உன்மேல்தான் கோபம் வரும். ஒரு நாளாவது எழுந்து வந்திருக்கக் கூடாதா நீ? இதை வேறு யாரிடம் கேட்பேன்?

நூர்ஜகானுக்கும் துணை இல்லையாம்.

"அத்தா இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? கூட ஒரு பொண்ணு வந்தா படி, இல்லாட்டி தையலுக்குப் போன்னுட்டாரு. நம்ம தெருல அப்படி யாரு கீறா, சொல்லு?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நானும் எட்டாவது பாஸ் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

உன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. கரையில் தண்ணீர்ப் பக்கம் நடப்பது நீ. அந்தப் பக்கம் அவளை நடக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இன்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி நேராக நூர்ஜகான் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் அத்தா வெளியே வந்தார். "அவ கூட நான் வரேன், ஒன்பதாவதுக்கு" என்றேன்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தும்,
நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத
வசந்தி