மீன் ஜாடித் தண்ணீர்

1944, தை மாதம், வெள்ளி இரவு.

பெரிய இஞ்சினீயர் போல வடிகட்டும் பானை செய்தேன். கரியைக் கழுவாமல் போட்டதில் மீன் ஜாடி முழுக்க மையானது. "மீனுக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சீங்களா?" என்று மனைவி சிரித்தாள். மகளுக்கு இமை வரை அம்மை போட்ட பிறகு மனைவி சிரித்தது இன்றுதான்.

படுத்திருக்கும் மகளுக்காக வைத்த கண்ணாடி ஜாடி அது. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, மீனே தெரியவில்லை என்று நாலு நாளாகச் சொல்கிறாள். கரியைக் கழுவி, மேலே ஆற்று மணல் பரப்பி, மறுபடி வடித்தேன். உள்ளே போட்ட பாசிக்கும் வெளிச்சம் வேண்டுமே என்று ஜாடியை ஜன்னல் வெயிலில் வைத்தேன். பாசி இழை இழையாக எனக்குத் தெரிந்தது.

"இன்னும் கலங்கலாத்தான் இருக்குதுங்கப்பா" என்றாள், ஜாடியையே பார்த்தபடி.

"நாளைக்குத் தெளிஞ்சிடும் கண்ணு."

சமையற்கட்டிலிருந்து மனைவி, "தெளிஞ்சுதுங்களா?" என்றாள்.

"மணல் சரியில்ல" என்றேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டதை இருவரிடமும் சொல்லவில்லை.